ஹட்சன் ரோட்டுக்குள் வண்டி வராது

ஹட்சன் ரோட்டில் வண்டிகளை நிறுத்தப்போகிறார்கள் என்று தெரிந்ததும் நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நடப்பதில் அப்படி என்ன பெருமையோ எனக்குத் தெரியாது. ஆடு மாடுகூடத்தான் நடக்கிறது. அதற்கெல்லாம் யாரும் மேடை போட்டு ரிப்பன் வெட்டுவதில்லை.

அந்த யோசனைக்குக் கொடி பிடித்தவர் என் வீட்டுக்காரர் ஆம்ப்ரோஸ். ஹட்சன் ரோட்டு வியாபாரிகள் சங்கத் தலைவர். சிராங்கூன் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பியதும் முதலில் வருவது அவருடைய பாத்திரக் கடை. ரோட்டின் நட்ட நடுவில், இந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் தூரம், அந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் தூரம் என்று ஒரு தையல் கடை இருக்கிறதே, அது என்னுடையது. ‘ஜோசபின் டெய்லர்ஸ்’. ரவிக்கை மட்டும்தான் தைப்பேன். இந்த வட்டாரத்துப் பெண்களில் யார் இளைத்தார்கள், யார் இளைத்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள் என்பதெல்லாம் என் அளவு நாடாவுக்குத் தெரியும். அதனால் எல்லோரும் என்னிடம் மரியாதையாகவே பேசுவார்கள்.

அது எண்பத்து மூன்றாம் வருடம். ரோடு இருந்த லட்சணத்தை மறைக்க வேண்டியதில்லை. வெங்காய லாரி நடு ரோட்டில் நின்று மூட்டை இறக்கும். பின்னால் டாக்சிக்காரர் ஹார்னில் கையை வைத்தபடியே குடும்பக் கதையை யோசித்துக்கொண்டிருப்பார். அவருக்குப் பின்னால் ஒரு திரிஷா, ஆளை வைத்து மிதிக்கும் மூன்று சக்கர வண்டி. சரி, ஜனங்கள் கடைகளை ஒட்டிய அஞ்சடிப் பாதையில் நடக்கலாமே என்றால், அங்கே கடைக்காரர்கள் சரக்கைப் பரப்பியிருப்பார்கள். அதில் பாதி என் வீட்டுக்காரரின் குடங்களும் இட்லிச் சட்டிகளும். தம்முடைய குடங்களுக்கு இடம் கொடுத்து ஜனங்களை ரோட்டில் இறக்கிவிட்ட அதே மனிதர், ஜனங்கள் நடக்க வழியில்லையே என்று கூட்டத்துக்குக் கூட்டம் முழங்கினார்.

இதெல்லாம் சமூக மன்றத்தில் ஸ்லைடு படம் காட்டியதிலிருந்து வந்த வினை. ஐரோப்பாவில் ஏதோ ஓர் ஊர். அன்றைக்குப் படம் பார்த்துவிட்டுப் பிடோக்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பியவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

“நடு ரோட்டுல மேச போட்டு உக்காந்து காப்பி குடிக்கிறான் ஜோசபின்! ஒரு காடி இல்ல, ஒரு லாரி இல்ல. புறா மட்டும் நடக்குது.”

“நம்ம ரோட்டுலயும்தான் காக்கா நடக்குது,” என்றேன்.

“அதெல்லாம் சிவிலைஸ்ட் ஊரு.”

“போன வருஷம்வரைக்கும் நம்ம ஆளுங்களும் ரோட்டுல மேச போட்டுத்தான் காப்பி வித்தாங்க. எல்லாரையும் வெரட்டி கட்டடத்துக்குள்ள அடைச்சிட்டு, இப்ப வெள்ளக்காரன் குடிக்கிறான்னு படம் காட்றாங்களா?”

“ஒனக்கு இதெல்லாம் புரியாது லா,” என்றார். எனக்குப் புரியாதவை என்று அவர் வைத்திருக்கும் சாமான்கள் ஒரு கிடங்கு கொள்ளும்.

இங்கே என் காலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எனக்குப் பிடிக்காத வேலை, சீக்கிரம் முடித்துவிடுகிறேன். சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப்போயிற்று. சுவரையோ நாற்காலியையோ பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் போவேன். கடைக்குள் புழங்கிக்கொள்வேன். தையல் மிஷினுக்கு ஒரு கால் போதும். ஆனால் திறந்த வெளியில், பிடிக்க ஒன்றும் இல்லாத இடத்தில், என்னால் நடக்க முடியாது. இதைப் பற்றி யாரும் பேசக்கூடாது என்பது என் சட்டம். பரிதாபமாகப் பார்த்தால்கூட எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படிப் பார்த்த ஒருத்தியின் ரவிக்கையை அவள் கல்யாணத்துக்கு முந்தின நாள்வரை தைக்காமல் வைத்திருந்தேன்.

பெண் பார்க்க வந்த அன்று என் அம்மா காலைப் பற்றி அழுதுகொண்டே சொன்னாள். “பரவால்ல,” என்றார் ஆம்ப்ரோஸ். மனசாரச் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவரைக் கட்டிக்கொண்டேன். சொல்லிவிட்டு அதோடு அந்தக் காலையே மறந்துவிட்டார் என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எனக்கு விளங்கியது.

மறக்காமல் என்ன செய்வார்? எங்கள் ஆட்களில் புருஷன் முன்னால் நடப்பார், பெண்டாட்டி பின்னால் வருவாள். கோயிலுக்குப் போனாலும் அப்படித்தான், கல்யாண வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். திரும்பிப் பார்க்கிற பழக்கம் இவர் குடும்பத்திலேயே கிடையாது. இவருடைய அப்பா ஒரு தடவை தஞ்சோங் பகாரில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டு வாசல்வரை பேசிக்கொண்டே வந்து, சாவிக்குக் கையை நீட்டியபோதுதான் என் மாமியார் பஸ்ஸிலேயே போய்விட்டது தெரிந்ததாம். அந்த வம்சம். என்னைக் கட்டிய நாளிலிருந்து வெளியே நான் நடந்து இவர் பார்த்ததில்லை. எங்கே போனாலும் இவர் முன்னால் போய்விடுவார், நான் தூணையும் சுவரையும் பிடித்துக்கொண்டு பின்னால் வந்து சேர்வேன். ஏன் லேட் என்று கேட்பார். தெரிந்தவர்களைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன் என்பேன். காலையில் இவர் பஸ்ஸில் கடைக்குப் போய்விடுவார், நான் பிறகு டாக்சியில் போய் என் கடை வாசலில் இறங்குவேன். பஸ்ஸில் டீசல் நாற்றம் எனக்கு ஆகாது என்று சொல்லிவைத்திருந்தேன். அதையும் நம்பினார்.

திட்டத்துக்கு அரசாங்கம் சரி சொல்லிவிட்டது. இளம் சீன ஆபீசர் ஒருவர் வந்து அளந்தார், படம் பிடித்தார், பூவம்மாவின் சாப்பாட்டுக் கடையில் மீன் தலைக் கறி சாப்பிட்டுவிட்டு வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். அப்புறம் ரோட்டின் இரண்டு முனையிலும் இடுப்பு உயரத்துக்கு இரும்புத் தூண்கள் முளைத்தன. நான்கு மொழியிலும் பலகை வைத்தார்கள். வாகனங்களுக்கு அனுமதி இல்லை. பொருள் ஏற்றிய தள்ளுவண்டி மட்டும் போகலாம்.

நான் வாயைத் திறக்கவில்லை. இவருக்குத் தானாகவே தோன்றும் என்று காத்திருந்தேன். இன்றைக்குத் தோன்றும், நாளைக்குத் தோன்றும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் முகமெல்லாம் சிரிப்பாக என் கடைக்கு வந்தார்.

“ஜோசபின், தெறப்பு விழாவுக்கு ரிப்பன் ஒன்னு தச்சுக் குடேன். சேப்புல. நல்லா அகலமா.”

தைத்துக்கொடுத்தேன். என் கழுத்துக்கு நானே கயிறு திரித்தது போலத்தான். கொடுக்கும்போது கேட்டேன். “இனிமே டாக்சி எங்க நிக்கும்?”

“சிராங்கூன் ரோட்டுலயே நிக்கும். அங்கருந்து நடந்து வந்துடலாம் லா. ஒடம்புக்கும் நல்லது.”

ஒடம்புக்கும் நல்லது! அன்றைக்கு ராத்திரி சாப்பாடு போடும்போது கரண்டியை அவர் தலையில் போடாமல் தட்டில் போட்டேனே, அதற்கே எனக்கு ஒரு சொரூபம் வைக்க வேண்டும். இத்தனை வருடம் ஒரு மனிதனோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். அந்த மனிதனுக்கு என் கால் ஞாபகத்தில் இல்லை. என் கடை போகப்போகிறது என்பதும் தெரியவில்லை. பிடோக்கில் வீட்டிலேயே வைத்துத் தைக்கலாம்தான். சிராங்கூன் ரோட்டில் புடவை எடுத்தவள் ரவிக்கைக்கு பிடோக்வரை பஸ் ஏறி வருவாளா?

பூவம்மா மட்டும் ஒரு யோசனை சொன்னாள். அளவு கொடுக்க வந்தவள், கையைத் தூக்கி நின்றபடி மெல்ல ஆரம்பித்தாள். “அக்கா, கோவிச்சுக்காதீங்க. ஆஸ்பத்திரில சக்கர நாக்காலி குடுக்கறாங்களாம். அத தள்ளிட்டு வந்தா யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க.”

“ஒன் இடுப்பு போன தீபாவளிக்கு எவ்வளவு இருந்துச்சு, இப்ப எவ்வளவு இருக்குன்னு கடத்தெருவுல சொல்லவா?” என்றேன். அதற்குப் பிறகு அவள் நாற்காலியைப் பற்றிப் பேசவில்லை. கடையை மூடினாலும் மூடுவேன், அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஊர் பார்க்கப் போக மாட்டேன்.

திறப்பு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை. இவர் முதல் பூசை முடிந்த கையோடு கோட்டு சூட்டுடன் கிளம்பிவிட்டார். நான் நிதானமாகப் புறப்பட்டேன். அரக்கு நிறப் பட்டுப்புடவை, ஒட்டியாணம் நீங்கலாக இருக்கிற நகை அத்தனையும், தலை நிறைய மல்லிகை. இவரை ஊர் முன்னால் தலைகுனிய வைப்பதென்று முடிவு செய்துவிட்டேன். அதற்கு நல்ல புடவை வேண்டும்.

சிராங்கூன் ரோட்டு முனையில் டாக்சி நின்றது. இரும்புத் தூணுக்குப் பக்கத்தில் காவலுக்கு அப்துல் காதர் நின்றார். பழைய ஆள், என்னைத் தெரியும். அதே நேரம் முத்துசாமி தன் தள்ளுவண்டியோடு வந்தார். பூக்காரர். விழா மேடைக்கு வேண்டிய மாலைகளை வண்டி நிறையக் குவித்து, வாடாமல் இருக்க மேலே பெரிய குடையையும் கட்டியிருந்தார்.

“முத்துசாமி, அந்த மாலைய கொஞ்சம் நகர்த்துங்க. நான் ஏறணும்.”

“அக்கா?”

அப்துல் காதர் குறுக்கே வந்தார். “அக்கா, ஆள ஏத்தக்கூடாது. பலகையில போட்ருக்கு பாருங்க. பொருள் மட்டுந்தான்.”

“நானும் பொருள்தான். ஆம்ப்ரோசு கடைக்கு வந்த சரக்குன்னு எழுதிக்குங்க.”

“மேலெடத்துல கேட்டா நான் என்னக்கா சொல்றது?”

“நடக்கத் தெரிஞ்சவங்களுக்குத்தான் இந்த ரோடுன்னு சொன்னாங்க, அதான் நடக்காதத எல்லாம் வண்டில ஏத்தி விட்டேன்னு சொல்லுங்க.”

அவர் தலையைச் சொறிந்தார். நான் அவருடைய மகளின் நிக்காஹ் ரவிக்கை என் கடையில் இருப்பதை நினைவுபடுத்தினேன். அவர் சட்டென்று வானத்தைப் பார்க்க ஆரம்பித்தார். முத்துசாமி ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் சாக்கை விரித்தார். இரண்டு பேர் தோளையும் பிடித்து ஏறி உட்கார்ந்தேன். சுற்றிலும் மாலை, தலைக்கு மேல் குடை. முத்துசாமி “முருகா” என்று சொல்லி வண்டியைத் தள்ளினார்.

என் திட்டம் இவ்வளவுதான். ரிப்பனுக்கு முன்னால் போய் இறங்கி, உங்கள் சரக்கு வந்துவிட்டது என்று இவரிடம் சொல்ல வேண்டும். ஆனால் நாதஸ்வரக்காரர்களை நான் கணக்கில் எடுக்கவில்லை.

சங்கம் விழாவுக்கு நாதஸ்வரம் ஏற்பாடு செய்திருந்தது. பாத்திரக் கடைக்கு முன்னால் நின்று ஏதோ வாசித்துக்கொண்டிருந்தவர்கள், குடையும் பூவும் பட்டுமாக ஒன்று அசைந்து வருவதைப் பார்த்தார்கள். காலம் காலமான பழக்கம், யோசிக்காமலே மல்லாரிக்கு மாறிவிட்டார்கள். சாமி புறப்பாட்டுக்கு வாசிப்பது. தவில் அதிர்ந்தது. அவ்வளவுதான், ரோடு முழுக்கத் திரும்பியது.

முதலில் பூவம்மாதான் ஓடிவந்தாள். அவளுக்குத் தூரப் பார்வை மட்டு. கையில் தட்டு, தட்டில் கற்பூரம். “தாயே, மாரியாத்தா,” என்று கத்திக்கொண்டே வந்து ஆரத்தி எடுத்தாள். கிட்டே வந்ததும் என் முகம் தெரிந்துவிட்டது. வாய் திறந்தது, ஆனால் கை நிற்கவில்லை. தொடங்கிய ஆரத்தியைப் பாதியில் நிறுத்தினால் குற்றம் என்று முழுதாகச் சுற்றி முடித்தாள். அதற்குள் ஒவ்வொரு கடை வாசலிலும் தேங்காய் உடைந்தது. மசாலாக் கடைக்காரர் வேட்டியை இறக்கிவிட்டுக் கும்பிட்டார். குழந்தையைத் தூக்கிக் காட்டினார்கள். ஒபீர் ரோடு லூர்து மாதா கோயிலில் அன்று காலைப் பூசையில்தான் நன்மை வாங்கியிருந்தேன். மாதாவே, இதில் என் குற்றம் ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டே, என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கையை லேசாகத் தூக்கினேன். அது ஆசீர்வாதமாகிவிட்டது.

வண்டி ரோட்டின் நடுவில் போட்டிருந்த மேடைக்கு முன்னால் வந்து நின்றது. மேடையில் சிறப்பு விருந்தினர் அந்தச் சீன ஆபீசர்தான். எல்லோரும் கும்பிடுவதைப் பார்த்து அவரும் மரியாதையாகக் கைகுவித்தார். பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்காரர். ஆபீசருக்குத் தமிழ் தெரியாது, மேடையில் யார் தமிழில் பேசினாலும் ஆங்கிலத்தில் சொல்வது இவர் பொறுப்பு. என்னைப் பார்த்தார். கை தன்னால் எழுந்து சிலுவை போட்டுக்கொண்டது.

“மிஸ்டர் ஆம்ப்ரோஸ், விச் டெம்பிள் இஸ் திஸ்?” என்று ஆபீசர் கேட்டார். “புரொசெஷன் பெர்மிட் காட் ஆர் நாட்?”

நாதஸ்வரம் நின்றுவிட்டது. ஆபீசர் சிரிப்பை மடித்து வைத்துவிட்டு மேடையை விட்டு இறங்கி வந்தார். சாமி ஊர்வலமென்றால் அனுமதி வேண்டும். ஆளை ஏற்றிய வண்டியென்றால் ரோட்டுக்குள் வந்ததே தப்பு. எப்படியிருந்தாலும் தள்ளியவர் முத்துசாமி. ஆபீசர் அவரிடம் கையை நீட்டினார். “லைசென்ஸ்.”

முத்துசாமி இடுப்புப் பையைத் துழாவினார். துழாவியபடியே என் காதுப் பக்கம் குனிந்து, “அக்கா, நீங்க வாயத் தெறக்காதீங்க. சாமின்னே நெனக்கட்டும், நான் பாத்துக்கறேன்,” என்றார். பூவம்மாவும் கண்ணைக் காட்டினாள். அந்த ரோடு மொத்தமும் எனக்காகப் பொய் சொல்லத் தயாராக நின்றது. நான் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். என் காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல் தப்பித்துவிடலாம். ஆனால் முத்துசாமியின் லைசென்சும் வண்டியும் போகும்.

அந்த மனுஷன் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டு எனக்கென்ன மானம்?

“அவர விடுங்க,” என்றேன். ஆங்கிலம் வரவில்லை, தமிழில்தான் வந்தது. “நான் சாமியும் இல்ல, கீமியும் இல்ல. அந்தா தெரியுது பாருங்க, அது என் தையக்கடை. எனக்குக் கால் வெளங்காது. என்னால நடக்க முடியாது. டாக்சி உள்ள வரலன்னா நான் கடைய மூடணும்.”

சொல்லிவிட்டேன். என் வாழ்க்கையில் அதை நான் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஹட்சன் ரோட்டில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதில்லை. வண்டியெல்லாம் நின்றதற்கு ஒரு பலன் இருக்கத்தான் செய்தது.

“வாட் டிட் ஷி சே?” ஆபீசர் மேடையை நிமிர்ந்து பார்த்தார்.

“மை ஒய்ஃப்,” என்றார் இவர். மைக்கில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. என் முகத்தைப் பார்த்தார், புடவைக்குக் கீழே தெரிந்த இடது காலின் அடி தடித்த செருப்பைப் பார்த்தார், பிறகு மறுபடி முகத்தைப் பார்த்தார். “மை ஒய்ஃப்... கேனாட் வாக்.”

ரோடு முழுக்கத் தெரிந்துவிட்டதே என்று எனக்கு அவமானமாக இருந்தது. இவருக்குத் தெரிந்துவிட்டதே என்று நிம்மதியாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து அழுகையாக வந்தது. பட்டுப்புடவையில் துடைத்துக்கொண்டேன்.

இவர் மைக்கைக் கீழே வைக்க மறந்து, ஒயரை இழுத்துக்கொண்டே மேடையை விட்டு இறங்கி வந்தார். வண்டிப் பக்கத்தில் நின்று கேட்டார். “வலிக்குமா ஜோசபின்?”

கட்டிக்கொண்ட நாளிலிருந்து கேட்காத கேள்வி. ரோட்டில் கட்டியிருந்த ஒலிபெருக்கி அத்தனையும் அதைக் கேட்டன.

“வலிக்கும்,” என்றேன். அதோடு விட்டிருக்கலாம். வாய் நிற்கவில்லை. “பிடோக்குல அஞ்சாவது மாடி வீடுதான் வேணும்னு ஏன் நின்னேன் தெரியுமா? காத்துக்காக இல்ல. லிஃப்ட் எல்லா மாடியிலயும் நிக்காது, அங்கதான் நிக்குது. கோயில்ல முழந்தா போடாம உக்காந்தே இருக்கேன்னு உங்க தங்கச்சி என்னய பெரும புடிச்சவன்னு சொன்னாளே, எனக்கு மடக்க முடியாது. மழை பேஞ்சா ராத்திரி முழுக்க கொடையும். நீங்க கொறட்ட விட்டுட்டுத் தூங்குவீங்க.”

“வாட் இஸ் ஷி சேயிங் நவ்?” என்றார் ஆபீசர்.

இவர் சொன்னார். ஒன்றையும் விடவில்லை. லிஃப்டைச் சொன்னார், தங்கச்சியைச் சொன்னார், மழையைச் சொன்னார். “வென் ரெயின், ஷி கேனாட் ஸ்லீப். ஐ ஸ்லீப்,” என்றார். மூக்கைக் கோட்டுக் கையில் துடைத்துக்கொண்டார். பூவம்மா அணைந்த கற்பூரத் தட்டோடு நின்று ஓவென்று அழுதாள்.

ஆபீசர் முத்துசாமியின் லைசென்சைத் திருப்பிக் கொடுத்தார். அப்துல் காதரைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். நடுத் தூணைப் பூட்டுத் திறந்து கழற்றலாமாம், தீயணைப்பு வண்டிக்காக வைத்தது. ஒரு சாவியை இவர் கையில் வைத்து என்னைப் பார்த்துச் சொன்னார். “மேடம், சாரி. நோபடி டெல் அஸ். யுவர் டாக்சி கேன் கம் இன். எவ்ரிடே. ஓகே?”

அந்த அளவு ஆங்கிலம் எனக்கும் தெரியும். கடை பிழைத்துவிட்டது. ரிப்பனை வெட்டலாம் என்று ஆபீசர் கத்திரிக்கோலுக்குக் கை நீட்டினார்.

“இருங்க,” என்றேன். “இன்னும் இருக்கு.”

இவர் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். “ஷி சே வெயிட்,” என்றார். “காட் சம் மோர்.”